பார்வையாளர் மாடத்து மைக்

இது நடந்தது. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் சொன்னது, டீக்கடையில் காதில் விழுந்தது என்கிற ரகம் இல்லை. யாருக்கு நடந்ததோ அவள் வாயாலேயே கேட்டேன். அதில் பாதி நடந்தபோது நானும் அதே கூரையின் கீழ் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். நாட்டின் சட்டங்கள் எல்லாம் பிறக்கிற மன்றத்தில் நான் சுருக்கெழுத்தாளன். அவை நடுவில் ஒரு மேசை போட்டிருப்பார்கள். யார் எதைப் பேசினாலும் அங்கே உட்கார்ந்து எழுதுவது என் பிழைப்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்வார்கள், சொல்லட்டும். இது இருட்டில் நடக்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து, பாதி உறுப்பினர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், எல்லா விளக்கும் எரிகிற மண்டபத்தில் நடந்தது.

அவளை மன்றத்தில் எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவளைவிட இருபது வயது மூத்த அமைச்சர்களுக்கும் அவள் அக்காதான். மண்டபத்துக்கு மேலே ஓரமாக, முன்பக்கம் கண்ணாடி போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. ஒலி அறை. உறுப்பினர் எழுந்தால் அவர் இருக்கையின் மைக்கைத் திறக்க வேண்டும், உட்கார்ந்தால் மூட வேண்டும். "நாட்டை ஆளுறவங்க வாயை மூடுறவ நான்தான்" என்று சிரிப்பாள். உறுப்பினர்கள் நாற்காலியைத் தூக்கி அடித்துக்கொண்ட நாளில்கூட அவள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவள் சொன்னதை நம்புகிறேன்.

அவளுக்கு உலகத்தில் இருந்தது ஒரே ஒரு தங்கை. சின்னவள் என்பாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு இருவரும் இரண்டறை வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். சின்னவள் ஊரின் மறுகோடியில் ஒரு தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் வைத்துத் தைப்பாள். மூன்றாவது மாடி. ஒரே கதவு, அதுவும் இரும்புக் கதவு. காலையில் எல்லோரும் உள்ளே போனதும் சூப்பர்வைசர் அதை வெளியிலிருந்து பூட்டிவிடுவார். துணி திருட்டுப் போகிறதாம். "பூட்டிட்டு, சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, கீழ டீ குடிக்கப் போயிடுவாருக்கா" என்று சின்னவள் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். அன்றிலிருந்து மைக் அக்காவுக்குத் தூக்கம் போனது.

"வேற வேலை தேடுடி."

"ஆமாக்கா."

சின்னவள் எதற்கும் எதிர்த்துப் பேச மாட்டாள். எது சொன்னாலும் ஆமாக்கா. சொன்னபடி செய்யவும் மாட்டாள். அங்கே அவளுக்குச் சிநேகிதிகள் இருந்தார்கள், பேசிக்கொண்டே தைப்பது பிடித்திருந்தது.

அந்தப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து மன்றத்துக்கு ஒரு மனு போட்டார்கள். ஆட்களை உள்ளே வைத்துக் கதவை வெளியிலிருந்து பூட்டக் கூடாது, கேட்டது அவ்வளவுதான். அவர்கள் பகுதி உறுப்பினர் அதை அவையில் தாக்கல் செய்தார். அவருடைய கட்சிக்கு மொத்தமே அவர் ஒருவர்தான். அதனால் ஒற்றையாள் என்று நாங்கள் வைத்த பெயர் அவருக்கே தெரியும். மனு தாக்கலான அன்று அந்தப் பெண்கள் விடுப்புப் போட்டு வந்து, பார்வையாளர் மாடத்தின் கடைசி வரிசைகளில் உட்கார்ந்தார்கள். மாடத்தில் இருப்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. கை தட்டினால்கூட வெளியே அனுப்பிவிடுவார்கள். சின்னவள் ஒலி அறைக்கு நேரே லேசாகக் கையை அசைத்தாள். அதற்கே காவலர் முறைத்தார்.

மனு மனுக்குழுவுக்குப் போனது. மனுக்குழுவுக்குப் போன மனு கிணற்றில் போட்ட கல். அதற்குள் தொழிற்கூடங்கள் மசோதா அவைக்கு வந்துவிட்டது. முதல் வரைவில் கதவுக்கென்றே ஒரு பிரிவு இருந்ததாம். குழுவுக்குப் போய்த் திரும்பியபோது அது ஒரு பத்தியானது. அமைச்சகத்துக்குப் போய்த் திரும்பியபோது அந்தப் பத்தியும் இல்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். ஒற்றையாள் விடாமல், பதினோராம் பிரிவில் ஒரே ஒரு வாக்கியம் சேர்க்கும்படி திருத்தம் கொடுத்தார். அது ஒரு வியாழக்கிழமை பிற்பகல் வாக்குக்கு வந்தது.

அவை வாக்கெடுப்பைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மசோதாவை மொத்தமாக நிறைவேற்றிவிட முடியாது. பிரிவு பிரிவாக எடுப்பார்கள். அவைத் தலைவர் "ஆம் என்போர்?" என்று கேட்டால் ஆதரிப்பவர்கள் "ஆம்" என்று குரல் கொடுக்க வேண்டும். "இல்லை என்போர்?" என்றால் எதிர்ப்பவர்கள் "இல்லை" என்பார்கள். எந்தப் பக்கம் சத்தம் பெரிதோ அந்தப் பக்கம் வென்றது. யாராவது எழுந்து தலையை எண்ணச் சொன்னால்தான் மணி அடித்து, வெளியே உலாத்துகிறவர்களையும் வரவழைத்து எண்ணுவார்கள். எல்லோரும் சேர்ந்து குரல் கொடுக்கும்போது தனித்தனி மைக் பயன்படாது. அப்போது கூரையில் தொங்கும் நான்கு மைக்கையும் திறக்க வேண்டும். மைக் அக்கா அவற்றுக்கான நான்கு குமிழையும் உள்ளங்கை ஓரத்தால் ஒரே தள்ளாக மேலே தள்ளிவிடுவாள். வருஷக்கணக்காகப் பழகின கை.

அந்த நான்குக்குப் பக்கத்திலேயே ஐந்தாவது குமிழ் ஒன்று உண்டு. அது பார்வையாளர் மாடத்து மைக்குக்கு உரியது. மாடத்து ஓசை அவைக்குறிப்பில் ஏறக் கூடாது என்பது விதி. அதனால் அந்தக் குமிழ் எப்போதும் கீழேயே கிடக்கும். அன்று அவள் கை கொஞ்சம் அகலமாகப் பட்டுவிட்டது. ஐந்தும் சேர்ந்து மேலே போயின.

இரண்டாம் பிரிவு. மணி இரண்டே முக்கால்.

"ஆம் என்போர்?"

"ஆம்" என்று தூக்கக் கலக்கத்தோடு அவை குரல் கொடுத்தது. அது அடங்கியதும், ஹெட்போனில் வேறொரு சத்தம் தங்கியிருந்தது. மெல்லிய இரைச்சல். மின்விசிறியாக இருக்கும் என்று நினைத்தாள். மண்டபத்தில் மின்விசிறியே கிடையாது என்பது ஒரு நொடி கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். இரைச்சல் ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது, இறங்கியது. நிறையப் பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுகிற சத்தம் அது.

ஐந்தாவது குமிழ் மேலே இருப்பதை அப்போதுதான் பார்த்தாள். சரி, மாடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நிமிர்ந்தாள். ஒலி அறைக்கு நேர் எதிரே மாடம். கூரை ஒழுகுகிறது என்று அந்த வாரம் முழுக்க அதைப் பூட்டியிருந்தார்கள். இருக்கைகள் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. ஒரு ஈ காக்கை இல்லை.

ஹெட்போனைக் கழற்றினாள். அமைதி. மாட்டினாள். மூச்சு.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். வளையல்கள் உரசின. ஒரு நாற்காலி முனகியது.

அவள் இணைப்பு டெலிபோனை எடுத்து, கீழே இருக்கும் வயரிங் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மாடத்து மைக்ல ஏதோ சத்தம் வருது. கொஞ்சம் பாருங்க."

"எதைப் பாக்கச் சொல்றே?"

"மாடத்து மைக்கை."

"அதைக் கழட்டி மூணு நாளாச்சும்மா. ஒழுகுதுன்னு நான்தான் கழட்டினேன். என் மேசை மேல கிடக்குது."

அவள் குமிழ்ப் பலகையைப் பார்த்தாள்.

"என்னம்மா? ஆடுதா முள்ளு?"

ஆடியது. ஐந்தாவது குமிழுக்கு மேலே இருந்த ஒலி முள், மூச்சுக்கு மூச்சு எழுந்து விழுந்துகொண்டிருந்தது. குமிழைக் கீழே இழுத்தாள். முள் நிற்கவில்லை. குமிழ் கீழே கிடக்க, மூச்சு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

எழுந்து ஓடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவை நடக்கும்போது ஒலி அறையை விட்டு எழுந்தால் வேலை போய்விடும். அதைவிட, இன்னும் கொஞ்ச நேரத்தில் பதினோராம் பிரிவு வரப்போகிறது. சின்னவளின் கதவு. அதைக் கேட்காமல் எழ அவளுக்கு மனம் வரவில்லை.

மூன்று மணி கடந்தது. பிரிவுகள் ஓடின. ஒவ்வொரு முறை அவை குரல் கொடுத்தபோதும் மாடத்து மூச்சு அப்படியே இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. காத்திருந்தார்கள்.

மூன்று பதினைந்து.

"பதினோராம் பிரிவு. ஒரு திருத்தம் இருக்கிறது. உறுப்பினர் முன்மொழிகிறாரா?"

ஒற்றையாள் எழுந்தார். "முன்மொழிகிறேன்."

ஹெட்போனில் மூச்சு நின்றது.

ஒரேயடியாக. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டது போல...

"திருத்தத்துக்கு ஆம் என்போர்?"

ஒற்றையாள் "ஆம்" என்றார். பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். நான் கீழே மேசையில் இருந்து கேட்டது அதுதான். நோஞ்சான் சத்தம்.

அவள் கேட்டது வேறு.

"ஆம்."

பெண் குரல்கள். அறை நிறைய. கூரை அதிரும்படி. அத்தனையும் ஒரே நேரத்தில்... ஒரே ஒரு குரலைத் தவிர. அது மட்டும் அரை நொடி பின்தங்கி, மைக்குக்கு மிகப் பக்கத்தில், அவள் காதுக்குள்ளேயே சொன்னது.

"ஆமாக்கா."

அவள் நிமிர்ந்து எதிரே இருந்த மாடத்தைப் பார்த்தாள்.

"இல்லை என்போர்?"

ஆளுங்கட்சி வரிசைகள் தூக்கம் கலைந்து "இல்லை" என்றன.

"இல்லை என்போருக்கே பெரும்பான்மை என்று கருதுகிறேன்."

இதற்குப் பிறகு தலைவர் கொஞ்சம் நிறுத்துவார். யாராவது எண்ணச் சொல்வதாக இருந்தால் அந்த இடைவெளியில்தான் எழ வேண்டும். ஒற்றையாள் பக்கத்து வரிசைகளைப் பார்த்தார். பாதி நாற்காலிகள் காலி. உட்கார்ந்துவிட்டார்.

ஹெட்போனில் தட்டும் சத்தம்.

இரும்பில். ஒரு கை.

பிறகு இரண்டு கை...

பிறகு எல்லாக் கையும்.

அவள் யோசிக்கவில்லை. மாடத்து மைக்கை மண்டபத்து ஒலிபெருக்கிக்குத் திருப்பிவிடும் விசை ஒன்று இருந்தது. அதை அழுத்தினாள். இவர்களும் கேட்கட்டும் என்றுதான்.

மண்டபத்தில் ஒரே ஒரு தட்டு கேட்டது. டொக்.

அது என் காதிலும் விழுந்தது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள்தான் இருந்தன. "ஒலிப் பிரிவு கவனிக்கவும்" என்றார் தலைவர். "இல்லை என்போருக்கே பெரும்பான்மை. திருத்தம் தோற்றது." அந்தத் தட்டை நான் எழுதவில்லை. மாடத்து ஓசை குறிப்பில் ஏறக் கூடாது.

மேலே, அவள் காதில், ஒரு பூட்டில் சாவி திரும்பியது. அதோடு எல்லாம் நின்றது. முள் படுத்துவிட்டது.

அவள் ஹெட்போனை வீசிவிட்டு ஓடினாள். வேலையாவது மண்ணாவது. வாசலில் ஊழியர்கள் போனை விட்டுவரும் பெட்டியிலிருந்து தன் செல்போனை எடுத்துச் சின்னவளைக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. ஆலையில் எல்லோருடைய போனையும் கீழேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாடகை வண்டியில் போகிற வழியெல்லாம் விடாமல் அடித்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் புகை தெரிகிறதா என்று வானத்தைப் பார்த்தாள்.

புகை இல்லை. ஆலை சாதாரணமாக நின்றது. மூன்றாம் மாடியில் தையல் மிஷின்கள் கடகடவென்று ஓடுகிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. சூப்பர்வைசர் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"காலர் மிஷின்ல இருக்கிற என் தங்கச்சியை வெளிய விடுங்க."

"ஷிப்ட் முடியட்டும்மா."

"வீட்ல ஒரு சாவு."

வாயில் வந்தது அதுதான். அவர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார், சாவியை எடுத்தார், முனகிக்கொண்டே படியேறினார். கதவு திறந்தது. சின்னவள் நூல் ஒட்டிய கையோடு வெளியே வந்தாள். பின்னாலேயே கதவு பூட்டப்பட்டது.

"யாருக்கா செத்தது?"

"யாருமில்ல. வா."

தெருவுக்கு வந்ததும் சின்னவளின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியில் சின்னவளுக்கு வலித்திருக்கும். விடவில்லை.

"இன்னிக்கு மத்தியானம் அங்க என்ன நடந்தது?"

"ஒண்ணுமில்லையே."

"மூணேகால் மணிக்கு?"

சின்னவள் விழித்தாள். பிறகு சிரித்தாள்.

"அதை எப்படிக்கா நீ... அது ஒரு கூத்து. ஓடிட்டிருந்த மிஷினை எல்லாரும் ஒண்ணா நிறுத்திட்டோம். கரண்ட் போகல. தானா காலை எடுத்துட்டோம். ஒருத்தரும் பேசல. அப்புறம் எல்லாரும் ஒண்ணா ஆம்னு சொன்னோம். எதுக்குச் சொன்னோம்னு ஒருத்திக்கும் தெரியல. விழுந்து விழுந்து சிரிச்சோம்."

"நீயும் சொன்னியா?"

"நான் ஆமாக்கான்னு சொன்னேனாம். பக்கத்து மிஷின்காரி கேலி பண்றா."

அன்றோடு மைக் அக்கா அவளை வேலைக்கு அனுப்பவில்லை. அழுதாள், திட்டினாள், காலில் விழுகிறேன் என்றாள். சின்னவள் வழக்கம்போல ஆமாக்கா என்றாள். இந்த முறை வீட்டிலேயே இருந்தாள். இருக்கையை விட்டு எழுந்ததற்கு விளக்கம் கேட்டு மன்றத்தில் ஆணை வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன என்று அவள் பேசாமல் இருந்தாள். ஆலையில் இருக்கும் மற்றப் பெண்களையும் எச்சரிக்கச் சொல்லி ஒற்றையாளிடம் போனாள். என்ன சொல்லி எச்சரிப்பது என்று அவர் கேட்டார். அவள் வந்த வழியே திரும்பினாள்.

அடுத்த திங்கட்கிழமை அவைக்கு விடுமுறை. ஆலைக்கு இல்லை. அக்காவும் தங்கையும் வீட்டில் இருந்தார்கள். காலையில் காபி குடித்ததும் சின்னவள் படுத்தாள். ஆலையில் ஷிப்ட் தொடங்குகிற நேரம் அது. படுத்தவள் எழவில்லை. அக்கா கூப்பிட்டாள், உலுக்கினாள். மூச்சு சீராக வந்தது. உடம்பு தணலாகக் கொதித்தது. கண் மட்டும் திறக்கவில்லை. டாக்டரைக் கூப்பிட அக்கா போனைக் கையில் எடுத்தாள். சின்னவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"தண்ணி."

ஒரு சொம்பு குடித்தாள். இன்னொரு சொம்பு. இன்னும் ஒன்று. குரல் கட்டிப்போயிருந்தது, வெகுநேரம் கத்தினவள் குரல் போல. அந்தக் கட்டு பிறகு சரியாகவே இல்லை. டாக்டர்கள் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார்கள்.

அப்போது அக்காவின் கையிலிருந்த போன் அடித்தது. கூப்பிட்டது ஒற்றையாள். தையல் ஆலை எரிந்துவிட்டது. கதவைத் திறப்பதற்குள் உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது. சூப்பர்வைசர் சாவியோடு டீக்கடையில் இருந்தார்.

அக்கா தரையில் உட்கார்ந்து தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை உயிர் போனதே என்று அழுதாள். தன் சின்னவள் மட்டும் மிஞ்சினாளே என்றும் அழுதாள். அதை மறைக்காமல் என்னிடம் சொன்னாள்.

மசோதா அதற்குள் மேலவைக்குப் போயிருந்தது. அங்கே அதே வாக்கியத்தை, ஒரு எழுத்து மாறாமல், திருத்தமாகச் சேர்த்தார்கள். திருத்திய மசோதா மறுபடி எங்கள் அவைக்கு வந்தது. "ஆம்" என்று எல்லா வரிசையும் ஒரே குரலில் சொன்னது. இல்லை என்று சொல்ல ஒருவரும் இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மைக் அக்கா அன்று நான்கு குமிழையும் ஒவ்வொன்றாக விரலால் தள்ளினாள். ஐந்தாவது முள் அசையவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை.

தீயைப் பற்றி விசாரிக்க அவை ஒரு குழு போட்டது. குழு அறையிலும் மைக் வேலை அவளுக்குத்தான். எழுதுகிற வேலை எனக்கு. ஒருநாள் காலை பத்தரை மணிக்கு சூப்பர்வைசரைச் சாட்சி சொல்லக் கூட்டிவந்தார்கள். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அவர் மைக்கை அவள் திறந்தாள்.

"அன்று எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள்?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"எல்லாரும்யா. முழு ஷிப்ட்."

"யாருமே விடுப்பில் இல்லையா?"

"ஒரு பொண்ணு வராம இருந்துச்சு. காலர் மிஷின். வீட்ல சாவுன்னு அவங்க அக்கா வந்து கூட்டிட்டுப் போனாங்க. ஆனா அன்னிக்கு அதுவும் வந்துச்சு."

நான் எழுதுவதை நிறுத்தினேன். பக்கத்து மேசையில் மைக் அக்கா ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"நிச்சயமாகத் தெரியுமா?"

"கடைசியா உள்ள போனதே அதுதான்யா. ஏம்மா லேட்டுன்னு கேட்டேன். பதில் சொல்லல. அது போனப்புறம்தான் பூட்டினேன்."

ஆள் குழம்பிப்போய்ப் பேசுகிறார் என்று உறுப்பினர் ஒருவர் சொன்னார். பக்கத்தில் இருந்த மருத்துவ அதிகாரி தலையை ஆட்டினார். குழப்பம் இல்லை, எடுத்த உடல்களும் முழு ஷிப்டுக்குச் சரியாக இருக்கின்றன என்றார். குடும்பங்கள் வந்து அடையாளம் சொல்லி வாங்கிப் போய்விட்டன. ஒன்று மட்டும் மிச்சம். அதைக் கேட்டு யாரும் வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவள் நேராகப் பிணவறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். தனியாக விட முடியாத முகம் அது.

வெயில் அடிக்கிற முற்றம். ஒரு மேசை. பிணவறைக்காரர் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தையல் ஆலை உடம்பு... ஒண்ணு இருக்காமே." என்றாள் அவள்.

"இருந்துச்சு. நேத்து சாயங்காலம் வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"யாரு?"

"ஒரு பொண்ணு. தனியா வந்துச்சு. தொண்டை கட்டின குரல்."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன உறவுன்னு கேட்டீங்களா?" என்று நான்தான் கேட்டேன்.

"கேக்காம குடுப்போமா?" பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். "என்னோடதுதான்னு சொல்லிச்சு."

வெளியே வந்தோம். பேருந்து வந்தது. அவள் ஏறப் போனாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். இன்னிக்கு ஒரு ராத்திரியாவது எங்க வீட்டுக்கு வாங்க என்றேன். என் மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றேன்.

மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள்.

"வேணாம். நேரமாச்சு. அவ வீட்ல தனியா இருப்பா."